அணிலும் கிளியும் ஒரே எடை: மாடியில் வைக்கும் தீனிப்பெட்டி ஏன் தோற்கிறது?

கோடை தொடங்கினால் சேலத்தில் மாடிக்கு மாடி தண்ணீர்ச் சட்டியும் தீனிப்பெட்டியும் ஏறிவிடுகின்றன. சிட்டுக்குருவிக்கென்று கட்டுவார்கள், நாலாம் நாள் பார்த்தால் அதில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருப்பது அணில். உடனே ஆன்லைனில் தேடி, 'அணில் தொடாத ஃபீடர்' ஒன்றைக் காசு கொட்டி வாங்குகிறார்கள். அதையும் பத்தே நாளில் அணில் பிடித்துக்கொள்கிறது.

பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. அது வேறு அணிலுக்காகச் செய்தது. அமெரிக்கச் சாம்பல் அணில் ஏறத்தாழ அரைக் கிலோ எடை. அந்தக் கனம் விழுந்ததும் தீனி வாய் மூடிக்கொள்ள வேண்டும், இதுதான் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கின் கணக்கு. முதுகில் மூன்று கோடு போட்ட நம் அணில்பிள்ளையோ 100 கிராம் சுமாருக்குத்தான் இருக்கும். பச்சைக்கிளியும் புள்ளிப்புறாவும் அதே கனம், அல்லது கொஞ்சம் கூட. அணிலுக்கு மூடும்படி ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் கிளிக்கும் மூடும்.

கம்பிக்கூண்டு போட்ட பெட்டியிலும் இதே கதை. ஒன்றரை இன்ச் கண்ணிக்குள் சாம்பல் அணில் நுழையாது. நம்முடையது குருவி போகும் வழியிலேயே போய்விடும். அதற்காகக் கூண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாடப்புறாவையும் காகத்தையும் நிறுத்த அதைவிட நல்லது கிடையாது.

ஆகவே பெட்டியை மாற்றுவதைவிட, அது நிற்கும் இடத்தை மாற்றுங்கள். தோட்டம் இருந்தால் தனிக்கம்பம்தான் சரி. ஒன்றேகால் இன்ச் ஜி.ஐ. பைப் 9 அடி. 2 அடி மண்ணுக்குள் கான்கிரீட்டில், 7 அடி வெளியே. பெட்டி 6 அடி உயரத்தில். கம்பத்தில் வெறும் தகரத் தட்டைக் கவிழ்த்து வைப்பதைவிட 4 இன்ச் பிவிசி பைப் உறை நன்றாக வேலை செய்யும். இரண்டரை அடி நீளத்துக்கு வெட்டி, மேல்முனைக்கு எண்ட் கேப் (பைப் மூடி) போட்டு, கேப்பின் நடுவில் கம்பம் நுழையும் அளவுக்குத் துளையிடுங்கள். கம்பத்தில் தரையிலிருந்து 5 அடியில் ஒரு ஹோஸ் கிளாம்ப் (குழாயைச் சுற்றி இறுக்கும் உலோகப் பட்டை) இறுக்கி, அதன்மேல் கேப் உட்காரும்படி உறையைத் தொங்கவிடுங்கள். கம்பத்தைப் பிடித்து ஏறும் அணில் உறைக்குள் போய் கேப்பில் முட்டித் திரும்பும். வெளிப்பக்கம் ஏறப் பார்த்தால் வழுவழுப்பில் நகம் பிடிக்காது, உறையும் ஆடும். உறையை இறுக்கி ஒட்டிவிடுவதும், கேப்புக்கும் கம்பத்துக்கும் நடுவே இடைவெளி விடுவதும்தான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. வெயிலில் வருடக்கணக்கில் நின்ற பிவிசி சொரசொரத்துப் போகும். அப்போது நகம் பிடித்துவிடும், உறையை மாற்றிவிட வேண்டியதுதான்.

இத்தனையும் செய்து, பக்கத்தில் முருங்கைக் கிளை நீட்டிக்கொண்டிருந்தால் எல்லாம் வீண். கிளை, காம்பவுண்டுச் சுவர், துணி காயும் கொடி, கேபிள் வயர் எதுவும் 8 அடிக்குள் வரக் கூடாது. பெட்டிக்கு நேர் மேலே இருக்கும் கிளை எத்தனை அடி உயரமானாலும் ஆகாது. மேலிருந்து விழ அணில் தயங்குவதே இல்லை.

மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர்தான் அணிலுக்கு ஏணி. அங்கே சுவரை விட்டு விலகி, இரண்டு தூணுக்கு நடுவே கம்பி கட்டி, நடுவில் பெட்டியைத் தொங்கவிடலாம். பெட்டியின் இரு பக்கமும் முக்கால் இன்ச் பிவிசி பைப் துண்டுகளை ஒவ்வொன்றும் ஓர் அடி நீளத்தில் கம்பியில் கோத்துவிடுங்கள். கால் வைத்ததும் துண்டு சுழலும், அணில் நிலைகுலைந்து இறங்கும். கம்பி எவர்சில்வராக இருக்கட்டும். நைலான் கயிற்றை அணில் கடித்து அறுத்துவிடும். அதன் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்வதால் எதையாவது கொறித்தே ஆகவேண்டும். பிளாஸ்டிக் பெட்டியின் ஓட்டை மாதாமாதம் பெரிதாவதும் இதனால்தான்.

தீனியிலும் பாதி விஷயம் இருக்கிறது. நிலக்கடலை, சூரியகாந்தி விதை, தேங்காய்த் துண்டு, வடித்த சோறு எல்லாம் அணிலுக்கு விருந்து. சேலம் லீ பஜாரில் வாங்கும் கம்பும் தினையும் சாமையும் குருவிக்கும் சில்லைக்கும் போதும். அணில் அதையும் தின்னும்தான், ஆனால் கடலைக்கு ஓடி வருவதுபோல் வராது. இராமர் தடவிய பிள்ளை ஆயிற்றே, அதற்கும் ஒரு பங்கு தனியாக வைத்துவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. வைக்கலாம், ஆனால் அந்தப் பங்கைத் தின்றுவிட்டு இதற்கும் வரும்.

மிளகாய்த்தூள் நல்ல உபாயம்தான். நரம்பில் காரத்தை உணரும் ஏற்பி ஒன்று உண்டு, அது தூண்டப்பட்டால் பாலூட்டிகளுக்கு எரியும். பறவைகளுக்கு அந்த ஏற்பி காரத்தைக் கண்டுகொள்ளாது. கிளி பச்சைமிளகாயை அசராமல் தின்பது இதனால்தான். தூளை வெறுமனே தூவினால் காற்றில் பறந்து உங்கள் கண்ணுக்கும் குருவியின் கண்ணுக்கும் போகும். ஒரு கிலோ கம்புக்கு ஒரு தேக்கரண்டி கடலை எண்ணெய் தடவி, இரண்டு மேசைக்கரண்டி தூளைப் பிசறி, நிழலில் உலர்த்திப் போடுங்கள். ஒரு மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும்.

கிரீஸ், வேஸ்லின், பழைய என்ஜின் ஆயில் எதையும் கம்பத்தில் பூசவே கூடாது. இறகில் ஒட்டினால் பறவையால் பறக்க முடியாது, உடல் சூட்டையும் காக்க முடியாது. நக்கித் துடைக்கும் அணிலின் வயிற்றுக்குள்ளும் அது போகும்.

அணிலைவிடக் கவலைப்பட வேண்டியது கீழே சிந்தும் தானியம். ராத்திரி எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். ஒரு குருவி ஒரு நாளில் தின்பது சில கிராம்தான். இருபது முப்பது குருவி வரும் வீட்டுக்கு ஒரு கைப்பிடியில் தொடங்கி, மாலைக்குள் தீர்கிற அளவைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு அடியில் ஒரு தாம்பாளம் கட்டி, பொழுது சாய்வதற்குள் தட்டிவிடுங்கள். எலி மருந்து வேண்டாம். செத்த எலியைத் தின்னும் கூகையும் சாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கம்பு கட்டிப்பட்டுப் பூஞ்சை பிடிக்கும், அதைக் கொட்டிவிட்டுப் பெட்டியைக் கழுவிக் காயவைத்த பிறகே மறுபடி நிரப்ப வேண்டும்.

ஏற்காட்டு வீடுகளுக்கு மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அங்கே வருவது குரங்கு. அதற்கு உறையும் இல்லை, கம்பியும் இல்லை, கம்பத்தோடு பிடுங்கும். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை நிறுத்திப் பொரியும் பிஸ்கட்டும் போட்டுப் பழக்கியதில், கையில் பை இருந்தாலே பாய்கிற கூட்டமாகிவிட்டன. தானியம் வைத்த வீட்டுக்கு அவை தினமும் வரும். தானியம் தீர்ந்த அன்று சமையலறை ஜன்னலுக்கு வரும். கண்ணி வைப்பது, விஷம் வைப்பது 1972 வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போக வேண்டும்.

எனவே மலையில் தீனிப்பெட்டியே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. இரண்டு இன்ச் ஆழத்துக்கு மிகாத மண்சட்டியில் தண்ணீர் வைத்தால் கொண்டைக்குருவி குளிக்க வரும். இட்லிப்பூச் செடிக்குத் தேன்சிட்டு வரும். பழம் வைத்தே தீருவேன் என்பவர்கள், காலையில் ஒரு மணிநேரம் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுத் தட்டை உள்ளே எடுத்துவிடுங்கள். இருட்டிய பிறகு காபித் தோட்டத்திலிருந்து அதைத் தேடி வருவது மரநாய்.