மருந்தில்லாத மாத்திரையும் மூளையின் சொந்த மார்ஃபினும்

முழங்கால் வலிக்காக இரண்டு மாதம் தாம் சாப்பிட்டுவந்த ஹோமியோபதி உருண்டைகளில் மருந்தின் ஒரு மூலக்கூறுகூட இருக்க வாய்ப்பில்லை என்பதைப் பிற்பாடு அறிந்துகொண்ட ஒரு வாசகர், "அப்படியென்றால் என் வலி கற்பனையா, அல்லது வலி குறைந்தது கற்பனையா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். இரண்டுமே கற்பனை அல்ல என்பதுதான் விடை. மருந்துப்போலியை, அதாவது மருந்துபோலத் தரப்படும் மருந்தில்லாத பொருளைப் பற்றிப் பேசும்போது எளிதில் வந்து விழும் அந்தச் சொல் ஏன் பொருந்தாது என்பதை விளக்க, தண்டுவடம் வரை இறங்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

அதற்குமுன் ஒரு கணக்கை முடித்துவிடலாம். நாட்பட்ட வலி ஒரே அளவில் நிற்பதில்லை, ஏறும், இறங்கும். தாங்க முடியாத உச்சத்தில்தான் நாம் மருந்தைத் தேடிப் போகிறோம் என்பதால், எதைச் சாப்பிட்டாலும், எதையுமே சாப்பிடாவிட்டாலும், அடுத்து வருவது பெரும்பாலும் இறக்கமாகவே இருக்கும். 1955ஆம் ஆண்டு ஹென்றி பீச்சர் என்னும் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர், நோயாளிகளில் ஏறக்குறைய 35 விழுக்காட்டினருக்கு மருந்துப்போலியே நிவாரணம் தருகிறது என்று எழுதியபோது, இப்படித் தானாகவே குறைந்த நோய்களையும் மருந்துப்போலியின் கணக்கில் சேர்த்துவிட்டார். 2001இல் டென்மார்க்கின் ஹ்ரோபியார்ட்சன், கோட்ஷே ஆகிய இருவரும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை எடுத்துக்கொண்டு, மருந்துப்போலி பெற்றவர்களை எந்தச் சிகிச்சையும் பெறாதவர்களோடு ஒப்பிட்டார்கள். பீச்சர் சொன்ன பெரும் விளைவு அதில் கரைந்துபோனது; ஆனால் வலியில் மட்டும் சிறிதளவு மிச்சம் நின்றது. எனக்கு வியப்பூட்டுவது அந்த மிச்சம்தான்.

1970களின் நடுப்பகுதியில், வலுவான வலிநிவாரணியான மார்ஃபினைப் போன்ற வேதிப்பொருள்களை மூளை தானே சுரக்கிறது என்பது தெரியவந்தது. எண்டார்ஃபின், என்கெஃபலின் என்று நாம் இன்று அழைப்பவை அவையே. மார்ஃபின் போய் அமரும் ஏற்பிகளை அடைத்துக்கொண்டு அதன் வேலையைத் தடுக்கும் நாலோக்சோன் என்னும் மருந்தும் அப்போது கையில் இருந்தது. 1978இல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் என்னும் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் இவ்விரண்டையும் இணைத்து ஓர் எளிய கேள்வியைக் கேட்டார்கள். கடைவாய்ப் பல் பிடுங்கப்பட்ட ஒருவருக்கு மருந்துப்போலி கொடுத்து வலி குறைந்தது என்றால், அதன்மேல் நாலோக்சோனைச் செலுத்தினால் என்ன ஆகும்? வலி குறைந்ததாகச் சொன்னவர் வெறும் மரியாதைக்காகவோ மனத்தைத் தேற்றிக்கொள்ளவோ அப்படிச் சொல்லியிருந்தால், ஓர் ஏற்பியை அடைப்பதால் அவருடைய வாக்குமூலம் மாற வேண்டியதில்லை. ஆனால் மாறியது, குறைந்திருந்த வலி கூடியது. நம்பிக்கை என்று நாம் பெயரிட்டிருந்த ஒன்றை ஒரு வேதிப்பொருளால் அணைக்க முடிந்தது என்றால், அந்த நம்பிக்கைக்கு உடலில் ஒரு வேதிவழி இருந்தாக வேண்டும்.

அந்த வழி இப்போது ஓரளவு துலங்கியிருக்கிறது. வலி குறையப்போகிறது என்ற எதிர்பார்ப்பு நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் புறணியில் உருவாகி, நடுமூளையில் ஒரு நுண்குழாயைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிறப் பகுதிக்குச் செல்கிறது. மிகச் சிறிய அந்தப் பகுதியின் ஆற்றல் என்னவென்றால், 1969இல் எலிகளின் மூளையில் அந்த இடத்தை மின்சாரத்தால் தூண்டியபோது, மயக்க மருந்தே இல்லாமல் அவற்றின் வயிற்றில் அறுவை செய்ய முடிந்தது. அங்கிருந்து செய்தி முகுளத்துக்கும், முகுளத்திலிருந்து தண்டுவடத்தின் பின்பகுதிக்கும் இறங்குகிறது. முழங்காலிலிருந்து மேலேறி வரும் வலிச் செய்தி முதன்முதலாக இன்னொரு நரம்பணுவுக்குக் கைமாறும் இடம் அதுவே. அதாவது, மூளை வலியை உணர்ந்துவிட்டுப் பிறகு "பரவாயில்லை" என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறது என்பதோடு கதை முடிவதில்லை; செய்தி மூளையின் வாசலுக்கு வருமுன்பே, கீழே தண்டுவடத்தில் அதன் குரலை மட்டுப்படுத்தவும் மூளையால் முடிகிறது. 2009இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர ஆய்வாளர்கள், கையில் வெறும் களிம்பைப் பூசி அதை வலிநிவாரணி என்று நம்பவைத்து, அந்த இடத்தைச் சூடாக்கியபடி தண்டுவடத்தைப் படம்பிடித்தபோது, அங்கே நரம்புச் செயல்பாடு குறைந்திருப்பதைக் கண்டார்கள். ஓர் எண்ணம் முதுகெலும்புக்குள் இறங்கி வேலை செய்வதைப் படத்தில் காண்பது எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

இதன் மறுபக்கம் இன்னும் சுவையானது. மார்ஃபினையே நோயாளிக்குத் தெரியாமல், திரைக்குப் பின்னாலிருக்கும் கருவியின் மூலம் செலுத்தினால் அதன் பலன் குறைந்துவிடுகிறது. மருத்துவர் கண்ணெதிரே நின்று சொல்லிவிட்டுச் செலுத்தும்போது அதே அளவு மருந்து கூடுதலாக வேலை செய்கிறது. இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த ஃபாப்ரிஸியோ பெனடெட்டி இதில் நெடுங்காலம் உழைத்தவர். அவர் கண்ட இன்னொன்று: மார்ஃபினைச் சில நாள் கொடுத்துப் பழக்கியபின் அதன் இடத்தில் மருந்துப்போலியைக் கொடுத்தால், அந்த நிவாரணத்தை நாலோக்சோன் அழித்துவிடுகிறது, மார்ஃபின் வகையைச் சேராத கீட்டோரோலாக் என்னும் வலிநிவாரணியால் பழக்கினால், பிறகு மருந்துப்போலி தரும் நிவாரணத்தை நாலோக்சோனால் தொட முடிவதில்லை. உடல் 'மருந்து' என்ற பொதுச் சொல்லை மட்டும் கற்றுக்கொள்வதில்லை. எந்த மருந்து எந்த வழியில் வந்தது என்பதையும் நினைவில் வைத்திருக்கிறது.

இவ்வளவையும் படித்தவர்கள், மனம் நினைத்தால் எந்த நோயையும் ஆற்றிவிடும் என்ற முடிவுக்குத் தாவிவிடக் கூடாது. மாற்று மருத்துவத்தின் விற்பனைப் பேச்சு தாவும் இடமும் இதுதான். 2011இல் வெளியான ஓர் ஆஸ்துமா ஆய்வில், ஒரே நோயாளிகளுக்கு வெவ்வேறு நாள்களில் உண்மையான இன்ஹேலர், வெற்று இன்ஹேலர், பாசாங்கு அக்குபங்சர் ஆகியவை கொடுக்கப்பட்டன. சில நாள்களில் எதுவுமே கொடுக்கப்படவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, முதல் மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரே விடை வந்தது: முறையே 50, 45, 46 விழுக்காடு முன்னேற்றம். எதுவும் பெறாத நாள்களில் 21. ஆனால் ஒரு நொடியில் வெளிவிடும் மூச்சின் அளவைக் கருவியால் அளந்தபோது, உண்மையான மருந்து அதை 20 விழுக்காடு உயர்த்தியிருந்தது. மற்ற மூன்றிலும் உயர்வு 7 விழுக்காட்டளவில் நின்றது. மூச்சுக்குழல் இறுகியே இருக்க, மூச்சு சீராகிவிட்டதாக நோயாளி நிம்மதியடைகிறார் என்பது ஆஸ்துமாவில் ஆறுதல் தரும் செய்தி அல்ல, அச்சம் தரும் செய்தி.

ஹோமியோபதி உருண்டைகளைப் பொறுத்தவரை என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. நூறில் ஒரு பங்காக 30 முறை நீர்த்தால், மூலப்பொருள் 1க்குப் பின் 60 சுழிகள் கொண்ட எண்ணில் ஒரு பங்காகிவிடுகிறது. ஒரு மோல் பொருளில் எத்தனை மூலக்கூறுகள் என்று சொல்லும், பள்ளியில் படித்த அவகாட்ரோ எண்ணில் முதல் இலக்கத்துக்குப் பின்னால் இருப்பவை 23 இலக்கங்கள்தாம் என்பதால், பன்னிரண்டாம் நீர்ப்பிலேயே கடைசி மூலக்கூறும் விடைபெற்றிருக்கும். தண்ணீருக்கு நினைவாற்றல் இருக்கிறது என்ற விளக்கம், அது கடந்து வந்த மற்ற அனைத்தையும் மறந்து மூலிகையை மட்டும் எப்படி நினைவில் வைத்தது என்ற கேள்விக்கு முன்னால் நிற்பதில்லை. அந்தச் சிகிச்சையில் மெய்யாக வேலை செய்யக்கூடியவை, ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்கும் காதும், நம்பிக்கையோடு எழுதித் தரும் கையும்தான். அவற்றை அறிவியல் மருத்துவம் ஐந்து நிமிடச் சந்திப்புகளில் தொலைத்துவிட்டது என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. மருந்துப்போலி ஆய்வுக்குப் பணம் போதவில்லை என்பதும் என் மனக்குறை. மருந்தில்லாத வெறும் மாத்திரையை விற்றுப் போட்ட முதலை எடுக்க முடியாது என்பதால், மருந்து நிறுவனங்களுக்கு மருந்துப்போலி, தங்கள் மருந்தின் பலனிலிருந்து கழித்துவிட வேண்டிய ஓர் எண் மட்டுமே. பொது நிதி பெறும் ஆய்வுகளிலாவது, இயலும் இடங்களில், மருந்து பெறும் குழு, மருந்துப்போலி பெறும் குழு ஆகியவற்றோடு சிகிச்சையே பெறாத மூன்றாவது குழு ஒன்றைச் சேர்த்தால், தானாகக் குறைந்தது எவ்வளவு, எதிர்பார்ப்பால் குறைந்தது எவ்வளவு என்று பிரித்தறிய முடியும்.

பொய் சொன்னால்தான் மருந்துப்போலி பலிக்கும் என்பதும் உறுதியில்லை. 2010இல் டெட் கப்சக் என்னும் அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர், குடல் எரிச்சல் நோயுள்ள 80 பேரில் ஒரு பகுதியினரிடம் "இதில் மருந்து இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லியே மாத்திரையைக் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து அவர்களில் 59 விழுக்காட்டினரும், மாத்திரை பெறாதவர்களில் 35 விழுக்காட்டினரும் போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னார்கள். சிறிய ஆய்வு, எதைப் பெறுகிறோம் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்த ஆய்வு, நிவாரணமும் நோயாளியின் சொல்லால் அளக்கப்பட்டதே.

ஆகவே வாசகரின் முழங்காலுக்கு வருவோம். வலி ஏறி இறங்கும் இயல்பு ஒரு பங்கும், அவருடைய தண்டுவடத்தில் இறங்கிய சொந்த மார்ஃபின் ஒரு பங்கும் அவருக்கு உதவியிருக்கலாம். மூட்டுக் குருத்தெலும்பு தேய்ந்திருந்தால் அது இரண்டு மாதத்துக்கு முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இப்போதும் இருக்கும். வீக்கமோ காலையில் நெடுநேரம் நீடிக்கும் விறைப்போ இருந்தால், வலி குறைவாக இருக்கும் இந்த நாள்களிலேயே மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.