கிளி அடைந்த பிறகு கேமரா எதற்கு?

மரம் முழுக்கக் கிளி வந்து உட்கார்ந்த பிறகுதான் படம் எடுக்க வேண்டும் என்று பலரும் மரத்தடியில் காத்துக் கிடக்கிறார்கள். கானுயிர் ஒளிப்படம் சொல்லித்தரும் வேலையில் நான் அடிக்கடி திருத்துவது இதைத்தான். கிளிகள் அடையும் நேரத்தில் வெளிச்சம் போயிருக்கும். பச்சை உடம்பு பச்சை இலைக்குள் மறைந்துவிடும். மிச்சமிருப்பது காதைப் பிளக்கும் கூச்சல் மட்டுமே, அது படத்தில் விழாது. உடனே கை ஃபிளாஷைத் தேடும். தொந்தரவு தொடங்குவது அங்கேதான்.

நல்ல படம் அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. நம் ஊரில் பரவலாகக் காணும் பச்சைக்கிளியான செந்தார்ப் பைங்கிளியையே எடுத்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் இரைதேடிச் சிதறியிருந்தவை பொழுது சாய்வதற்கு முன்பே ஐந்தும் பத்துமாகத் திரும்பத் தொடங்கும். பெரும்பாலும் தினமும் ஒரே வான்வழி. மேகம் மூடிய நாளில் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடும், அதனால் கடிகாரத்தை நம்பாமல் வானத்தைப் பாருங்கள். வந்த கூட்டம் நேராக அடையும் மரத்துக்குப் போகாமல், பக்கத்தில் ஒரு மொட்டை மரத்திலோ கம்பியிலோ முதலில் கூடும். அலகால் சிறகு கோதும், ஒற்றைக்காலைத் தூக்கித் தலை சொறியும், இடத்துக்காக அலகு திறந்து சண்டை போடும். ஆணின் கழுத்தில் கறுப்பும் ரோஜா நிறமும் கலந்த வளையம் தெளிவாகத் தெரிவது இங்கேதான். அந்த வளையம் முழுதாக வர இரண்டு மூன்று வயதாக வேண்டும். ஆகவே வளையம் இல்லாத கிளியெல்லாம் பெண் என்று படத்துக்குக் கீழே எழுதிவிடாதீர்கள், இளம் ஆணாகவும் இருக்கலாம்.

எங்கே நிற்பது? முதல் நாள் கேமராவே வேண்டாம் என்பது என் கட்சி. சும்மா போய், எந்தத் திசையிலிருந்து வருகின்றன, எங்கே கூடுகின்றன, எந்தப் பக்கமாக மரத்துக்குள் இறங்குகின்றன என்று பார்த்துவிட்டு வாருங்கள். பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காற்று உங்கள் முதுகில் படும்படி நின்றால் முகம் கிடைக்கும், எதிர்ப்பக்கம் நின்றால் வால்தான். சூரியனுக்கு முதுகு காட்டினால் இறகில் வெயில் விழும். சூரியன் பக்கம் திரும்பினால் நிழலுருவம். அந்த நீண்ட வாலுக்கும் வளைந்த அலகுக்கும் நிழலுருவம் அத்தனை எடுப்பாக இருக்கும்.

கேமரா அமைப்பில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கிளி வேகமாகப் பறக்கும். வெயில் இருக்கும்வரை ஷட்டர் வேகம் 1/1600 நொடிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்காக ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 3200 வரை ஏறினாலும் பரவாயில்லை. புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது. நிழலுருவத்துக்கு வானத்தின் வெளிச்சத்தை அளந்து, 1/1000 போதும். வெளிச்சம் இன்னும் குறைந்தால் எதிர்த்திசையில் யோசியுங்கள்: ஷட்டரை 1/30-க்கு இறக்கி, பறக்கும் கூட்டத்தோடு கேமராவையும் சேர்த்து நகர்த்துங்கள். நிறையப் படம் வீணாகும், ஒன்று வாய்க்கும். ஒரு சின்ன விஷயத்தை மறந்துவிடாதீர்கள். ஃபிளாஷை அணைத்திருந்தாலும், சில கேமராக்களில் இருட்டில் குவியம் பிடிக்க ஒரு சிறு விளக்கு தானாக எரியும். மெனுவுக்குள் போய் அதையும் அணையுங்கள்.

சத்தம் மெல்ல அடங்கும். கிளைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து, இறகைப் புஸ்ஸென்று உப்பிக்கொண்டு, தலையை முதுகுப்பக்கம் திருப்பி அலகைச் செருகிக்கொள்ளும். தூங்குவதற்கு முன் கீழ் அலகை மேல் அலகில் தேய்ப்பது கிளிகளின் பழக்கம். மிக அருகில் இருந்தால் மெல்லிய ‘கரகர’ ஒலி கேட்கும். கிளி அச்சமில்லாமல் இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அந்த நிலைக்கு வந்துவிட்டால் கேமரா பைக்குள் போய்விட வேண்டும்.

ஃபிளாஷ் அடித்தால் கிளிக்குக் கண் போய்விடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். நான் அந்த வாதத்துக்கே போவதில்லை, அது இல்லாமலேயே காரணம் போதும். கிளி பகலாடி. இருட்டில் மிரண்டு எழுந்தால் கிளையும் கம்பியும் சரியாகத் தெரியாமல் மோதும். ஆந்தை போன்ற இரவாடிகளுக்கு அது லாபம். பறக்கும் படம் வேண்டுமென்று கைதட்டுவதும் கல்லெறிவதும் ட்ரோனை ஏற்றுவதும் இதே கணக்குதான். பகல் முழுக்கத் தின்று சேர்த்த தெம்பை உங்கள் ஒரு படத்துக்காக அது செலவழிக்க வேண்டியிருக்கிறது.

மரத்துக்கு நேர் கீழே நிற்காதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காய்ந்த எச்சத்தின் தூசி மூச்சில் போனால் சிட்டகோசிஸ் என்ற பாக்டீரியாத் தொற்று வரக்கூடும். அரிதுதான். ஆனாலும் காய்ச்சலும் வறட்டு இருமலுமாக மருத்துவரிடம் போனால், கிளி அடையும் இடத்துக்குப் போய்வந்ததையும் சொல்லிவிடுங்கள்.

படம் எடுக்காத நேரத்தில் எண்ணுங்கள். ஒரு வான்வழிக்கு ஓர் ஆள், பத்துப் பத்தாக. பகலில் சிதறிக் கிடக்கும் கிளிகளை எண்ணுவதைவிட, அடையும் இடத்தில் எண்ணுவது எளிது என்பதால் ஆய்வாளர்களும் இந்த முறையைக் கையாள்கிறார்கள். கூடு கட்டும் பருவத்தில் எண்ணிக்கை குறைந்தால் பதற வேண்டாம். அடைகாக்கும் பெண் கிளி இரவிலும் பொந்தில்தான் இருக்கும்.

நான் அதிகம் கவலைப்படுவது, படம் எடுத்த பிறகு நடப்பதைப் பற்றி. எல்லாக் கிளியும் ஒரே மரத்துக்கு வரும் என்பது நமக்கு எவ்வளவு வசதியோ, வலைபோடுகிறவனுக்கும் அவ்வளவு வசதி. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகளுக்கு நேர்ந்தது அதுதான். பேச்சுத்திறமைக்காகவே விலைபோன அந்தக் கிளிகளைக் கூட்டமாகச் சேரும் இடங்களில் வளைத்துப் பிடித்தார்கள். காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்த நாடுகள் 2016-இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடி, அவற்றை மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள முதலாம் பட்டியலுக்கு மாற்றிய பிறகே காட்டில் பிடித்தவற்றின் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை வந்தது. நம் செந்தார்ப் பைங்கிளி அந்த ஒப்பந்தத்தின் பட்டியல்களிலேயே இல்லை. கிளி இனங்களில் அப்படி வெளியே நிற்பவை நான்குதான்.

ஆகவே இணையத்தில் போடுவதற்கு முன் படத்துக்குள் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் விவரத்தை அழித்துவிடுங்கள். அடையாளம் தெரியும் பெயர்ப்பலகையோ கட்டடமோ பின்னணியில் இருந்தால் வெட்டிவிடுங்கள். “இடம் எங்கே?” என்று முகம் தெரியாத ஒருவர் கேட்டால் மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.