கல் வீட்டுக்குச் சிமெண்ட் பூசாதீர்கள்

சென்ற வாரம், ஸ்காட்லாந்தின் விக் ஊரில், புல்ட்னிடவுன் பகுதியிலுள்ள ஒரு வீட்டின் முன்சுவரில் சிமெண்ட் பூச்சின் விளிம்பைச் சாவி நுனியால் நெம்பிப் பார்த்தேன். ஒரு விரல் கனத்துக்கு அது ஓடு போலப் பெயர்ந்து வந்தது. பின்னாலிருந்த பழைய சுண்ணாம்புச் சாந்து ஈர மணலாகக் கையில் ஒட்டியது. மழை விட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. இந்தக் குளிர்காலத்தில் இது ஐந்தாவது வீடு. சிமெண்ட் பூசியும் ஓதம் (சுவரில் ஊறும் ஈரம்) நிற்கவில்லையே என்பதே ஐந்து வீட்டாரின் புலம்பலும். பூசியதனால்தான் நிற்கவில்லை.

ஹெர்ரிங் மீன்தொழிலுக்காகப் பிரிட்டிஷ் மீன்பிடிச் சங்கம், பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டைத் திட்டம் வகுக்கச் செய்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய ஊர் புல்ட்னிடவுன். துறைமுகத்தையொட்டிய கீழ்ப்பகுதி மீனை உப்பிட்டுப் பீப்பாயில் அடைக்கும் முற்றங்களுக்கும், ஆர்கைல் சதுக்கத்தைச் சுற்றிய மேட்டுப்பகுதி குடியிருப்புக்கும் என ஒதுக்கப்பட்டன. போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை கிடைத்ததே 1824இல்தான். அதற்கு முன்பே இங்கு எழுந்த வீடுகள் சுண்ணாம்பை நம்பி நிற்பவை.

கல் தண்ணீரைக் குடிக்கிறது, அடைத்துவிட்டால் குடிக்காது என்ற எண்ணத்தை எத்தனை முறை மறுத்தாலும் அது சாவதில்லை. இவ்வட்டாரத்துக் கெய்த்னஸ் பலகைக்கல் இறுகிய கல். அதன் வழியே நீர் எளிதில் ஊடுருவாது. ஏறத்தாழ இரண்டடிச் சுவருக்குள் நீர் புகுவது சன்னல் ஓரத்தாலும், புகைபோக்கித் தலையாலும், சாந்து உதிர்ந்த இடுக்குகளாலும்தான். புகுந்த நீர் உலர்ந்து வெளியேறும் வாசல், கற்களுக்கு இடையிலுள்ள சுண்ணாம்பு. அந்த வாசலைச் சிமெண்டால் அடைத்துவிட்டு, அச்சிமெண்டில் விழும் மயிரிழை வெடிப்புகள் வழியே மழையை மட்டும் உள்ளே விடுகிறோம். வெளியேற வழியற்ற ஈரம் வீட்டுக்குள் திரும்பி உத்தர முனைகளை உளுக்கச் செய்கிறது.

ஈரமானியைச் சுவரில் குத்தி, எண் ஏறியதும் சுவருக்குள் ஈரத்தடுப்பு மருந்தை ஊசியாகச் செலுத்த வேண்டும் என்பாரை நம்பாதீர்கள். அந்தக் கருவி மரத்துக்கென அளவிடப்பட்டது. சுவரில் உப்பு இருந்தாலே எண் ஏறும். மீனை உப்பிட்ட இடத்தின் சுவரில் உப்பு இல்லாமல் வேறெங்கே இருக்கும்?

முதலில் கூரையோரப் பீலியை, அதாவது மழைநீர் வடியும் வாய்க்காலை, பாருங்கள். பாதி ஓதம் அங்கேதான் தொடங்குகிறது. இடுக்குகளைச் சுண்ணாம்புச் சாந்தால் மட்டுமே நிரப்புங்கள்; 5 பாகை செல்சியஸுக்குக் கீழே குளிர் இறங்கும் நாட்களில் அந்த வேலையைத் தொடவே வேண்டாம். இறுகப் பிடித்திருக்கும் சிமெண்டை வெட்டுப்பொறியால் அறுத்துக் கல்லின் விளிம்பைச் சிதைப்பதைவிட, தானாக நெகிழும் வரை விட்டுவைப்பது மேல். பாதுகாக்க வேண்டிய மரபுக் கட்டடமாகப் பட்டியலிடப்பட்டதாயின் உள்ளாட்சி மன்ற அனுமதியை முன்கூட்டியே கேளுங்கள். அந்த ஐந்தாவது வீட்டாரிடம் மே மாதம் வரை காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். பீலியில் முளைத்திருக்கும் புல்லை மட்டும் தயவுசெய்து இந்த வாரமே பிடுங்கிவிடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன்.