அக்குளில் ரேசர் வைக்கும் முன்

கல்யாண சீசன் வந்தால் என் கிளினிக்கில் அக்குள் கொப்புளத்தோடு வருபவர்கள் கூடிவிடுவார்கள். விசாரித்தால் கதை பெரும்பாலும் ஒன்றுதான். ஸ்லீவ்லெஸ் பிளவுஸ் போட வேண்டும், மண்டபத்துக்கு நேரமாகிவிட்டது. சோப்பு கூடப் போடாமல், பாத்ரூமில் கிடந்த பழைய ரேசரால் வறட்டு வறட்டென்று இழுத்துவிட்டு, அதன்மேலேயே டியோடரன்ட். இரண்டு நாளில் கையை இறக்க முடியாத எரிச்சல், சீழ் வைத்த சிறு சிறு பருக்கள்.

அக்குள் முடியை எடுத்தே ஆக வேண்டும் என்று மருத்துவக் கட்டாயம் எதுவும் இல்லை. எடுப்பதென்று முடிவு செய்தால், ராத்திரி குளித்த கையோடு எடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறிய முடி மிருதுவாகிவிடும். காலை வரை டியோடரன்ட் தேவைப்படாது, தோலும் ஆறிவிடும்.

நீளமான முடியை முதலில் டிரிம்மரால் குறைத்துக்கொண்டு, ஷேவிங் ஜெல் தடவுங்கள். கையைத் தூக்கித் தலைக்குப் பின்னால் மடக்கினால் குழி விரிந்து தோல் இழுபடும். கண்ணாடியில் உற்றுப் பாருங்கள்: முடி ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்காது. மேலே ஒரு போக்கு, கீழே ஒரு போக்கு, சிலருக்குச் சுழியே இருக்கும். அந்தந்தப் போக்கிலேயே, அழுத்தாமல், கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். எதிர்ப்போக்கில் இழுத்தால் மழமழவென்று வரும், உண்மைதான். ஆனால் அப்படி ஒட்ட வெட்டிய முடி வெளியே வராமல் தோலுக்குள்ளேயே வளைந்து வளரும். பாதிப் பருக்கள் அதனால்தான்.

பிளேடை 5 முதல் 7 தடவைக்குள் மாற்றிவிடுங்கள், ஈரத்தில் போட்டு வைக்காதீர்கள். அக்கா தங்கையே ஆனாலும் ரேசர் தனித்தனி. கண்ணுக்குத் தெரியாத கீறல் ரத்தம் வழியாக ஹெபடைட்டிஸ் பி தொற்றலாம். ஷேவ் செய்தால் முடி அடர்த்தியாகும் என்ற பயம் மட்டும் வேண்டாம், அப்படி ஆகாது.

கருமை போக எலுமிச்சம்பழம் தேய்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வரும். ஷேவ் செய்த தோலில் அது புண்ணாக்கி, இன்னும் கருக்க வைக்கும். அக்குளும் கழுத்தும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுத்திருந்தால், தேய்ப்பதை விட்டுவிட்டு ரத்தத்தில் சர்க்கரையைப் பாருங்கள். கட்டி அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்து உடைந்து தழும்பாகிறதா? ரேசரை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நெறிக்கட்டி எடுத்தவர்கள் அந்தப் பக்கம் பிளேடே வேண்டாம். எலெக்ட்ரிக் டிரிம்மர் போதும்.