பெத்த பிள்ளைய வளர்க்க முடியலன்னா சட்டப்படி எங்க ஒப்படைக்கணும்?

நான் சின்னதா இருக்கப்ப எங்க ஊர்ல விடியக்காலம் ரப்பர் பால் வெட்டப் போன ஒரு அண்ணன், துண்டுல பொதிஞ்சு கெடந்த பச்சப்பிள்ளைய கையில ஏந்திட்டு ஓடி வந்தாரு. கன்னம் பூரா எறும்பு கடிச்ச தடம். பிள்ள பொழச்சிருச்சு, ஆனா அதப் பெத்த அம்மைக்கு வேற வழி இருக்குன்னு யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாமேன்னு இன்னைக்கும் தோணும், அதான் எழுதுறேன்.

வழி இருக்கு. சிறார் நீதிச் சட்டம் 2015, 35வது பிரிவு. உடம்போ மனசோ குடும்பச் சூழ்நிலையோ, நம்ம கைய மீறுன காரணத்தால பிள்ளைய வளர்க்க முடியலன்னா குழந்தைகள் நலக் குழு முன்னாடி ஒப்படைக்கலாம், அது குற்றமே கெடயாது. யாருக்கும் தெரியாம எங்கயாவது போட்டுட்டுப் போறதுதான் குற்றம், பிஎன்எஸ் (பழைய ஐபிசிக்கு பதிலா வந்த குற்றச் சட்டம்) 93வது பிரிவுல 7 வருஷம் வரை ஜெயில்.

குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் பண்ணுங்க, காசு கெடயாது, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க. எங்க கன்னியாகுமரி மாவட்டத்துக்கு நாகர்கோவில்ல மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கு, அங்க நேராவும் போலாம். பிரசவத்துக்கு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்லயோ தக்கலை ஜிஎச்லயோ இருக்கீங்கன்னா வார்டு நர்ஸ்கிட்டயே சொல்லி 1098-க்கு தகவல் குடுக்கச் சொல்லலாம்.

போன உடனே கையெழுத்து வாங்கிட மாட்டாங்க, முதல்ல கவுன்சலிங். பணக் கஷ்டம் மட்டும்தான்னா அங்கயே வாய் தெறந்து சொல்லிருங்க, ஏன்னா புருஷன இழந்தவங்க, கைவிடப்பட்டவங்க, தீராத நோய்ல இருக்கவங்க பிள்ளைங்களுக்கு மிஷன் வாத்சல்யாங்கிற அரசுத் திட்டத்துல மாசம் 4000 ரூபா உதவி இருக்கு (வருமான வரம்பு கிராமத்துல வருஷம் 72,000, மத்த இடத்துல 96,000).

அப்பறமும் முடியலன்னாதான் ஒப்படைப்புப் பத்திரம். கல்யாணம் ஆனவங்கன்னா ரெண்டு பேரும் கையெழுத்து போடணும். கல்யாணம் ஆகாத பொண்ணுன்னா அவ ஒருத்தி போட்டா போதும், பிள்ளையோட அப்பாவ கூட்டிட்டு வரணும்னு கெடயாது, குழுவுல ஒரே ஒரு உறுப்பினர், முடிஞ்ச வரை பெண் உறுப்பினர் முன்னாடி முடிச்சிரலாம். விவரத்த ரகசியமா வச்சுக்கிடுவாங்க.

ரொம்ப பேருக்கு தெரியாத விஷயம் ஒண்ணு, கையெழுத்து போட்ட பெறவும் 60 நாள் டைம் இருக்கு. மனசு மாறுச்சுன்னா அதுக்குள்ள குழுகிட்ட போய் பிள்ளைய திருப்பிக் கேக்கலாம். பெத்த ரெண்டாம் நாள் இருக்க மனசும் பால் கட்டி நெஞ்சு வலிக்கிற பத்தாம் நாள் இருக்க மனசும் ஒண்ணு இல்லைல்லா. அது வரைக்கும் பிள்ள தத்தெடுப்பு நிறுவனத்துல பத்திரமா இருக்கும். 60 நாள் தாண்டுனா தத்துக்கு விட்டிருவாங்க, காரான்னு சொல்ற மத்திய தத்தெடுப்பு ஆணையம் வழியா, கடைசி உத்தரவு கலெக்டர் போடுவாரு. அதுக்கு மேல திரும்பக் கேக்க முடியாது.

"பிள்ளையில்லாத நல்ல குடும்பம், பத்திரத்துல எழுதிக் குடுத்திரலாம்"னு யாராவது நடுவுல வந்து பேசுனா, அது நர்ஸா இருந்தாலும் சொந்தக்காரங்களா இருந்தாலும் கேக்காதீங்க மக்களே. காசு கை மாறுச்சுன்னா அது குழந்தை விற்பனை, சிறார் நீதிச் சட்டம் 81வது பிரிவு, 5 வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். ஆஸ்பத்திரி ஆளுன்னா 3 முதல் 7 வருஷம்.

ஏற்கனவே எங்கயாவது விட்டுட்டு வந்திட்டீங்களா? கைய மீறுன சூழ்நிலையில விட்டதுன்னு தெரிஞ்சா சிறார் நீதிச் சட்டத்தோட 75வது பிரிவு தண்டனை பெத்தவங்க மேல பாயாதுன்னு அந்தச் சட்டத்துலயே இருக்கு. பேரு ஊரெல்லாம் பெறவு பாத்துக்கிடலாம், இப்பவே 1098-க்கு அடிச்சு பிள்ள எந்த இடத்துல கெடக்குன்னு மட்டும் சொல்லுங்க, எறும்பு ஏறுறதுக்கு முன்னாடி.