தொழிற்சங்கச் செயலாளரிடம் வாயால் சொன்னது புகார் ஆகாது

தொழிலாளர் வழக்குகளில் வாதாடும் என்னிடம் போன வாரமும் ஒருவர் வந்தார். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் 16 வருட சர்வீஸ். இன்கிரிமென்ட்டை நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகிறது. இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "அப்பவே செயலாளர்கிட்ட சொல்லிட்டேன் சார்" என்கிறார். கேன்டீனில் வைத்துச் சொல்லியிருக்கிறார், செயலாளரும் மேனேஜரிடம் பேசியிருக்கிறார். நடுவில் சங்கத் தேர்தல் நடந்து செயலாளர் மாறிவிட்டார், புதியவருக்கு விஷயமே தெரியாது. ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. இப்படி எத்தனை பேரைத்தான் பார்ப்பது!

சங்கத்தில் சந்தா கட்டினால் போதும், மற்றதைச் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறீர்கள். சங்கம் போராடும், பேசும், கையெழுத்துப் போடும், எல்லாம் சரி. ஆனால் உங்கள் குறை நிர்வாகத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஆதாரம் நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். தொழிலாளர் தகராறுகளில் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசும் அரசு அதிகாரிதான் சமரச அதிகாரி. அவர் முன்னால் நிர்வாகத்தரப்பு முதலில் சொல்வதே "இப்படி ஒரு கோரிக்கை எங்களுக்கு வரவே இல்லை" என்பதுதான். நிர்வாகத்திடம் கோரிக்கை வைக்காமல் அரசிடம் மட்டும் போனால் அது சட்டப்படி விசாரணைக்கு எடுக்கக்கூடிய தொழிற்தகராறு ஆகாது என்று சிந்து ரீசெட்டில்மென்ட் கார்ப்பரேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை இன்றும் எடுத்து வைக்கிறார்கள். கோரிக்கை எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 1978-இல் சம்பு நாத் கோயல் வழக்கில் தீர்ப்பு வந்தது உண்மைதான். அதை வைத்து நான் வாதாடலாம், ஆனால் கேன்டீனில் பேசியதை யாரைச் சாட்சியாகக் கூப்பிட்டு நிரூபிப்பது?

2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன்படி 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குறைதீர்க்கும் குழு வேண்டும், அதில் தொழிலாளர் தரப்புக்கும் நிர்வாகத்துக்கும் சம எண்ணிக்கை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் குழுவிடம் மனு கொடுக்க வேண்டும். குழு 30 நாளில் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டாலோ, முடிவு பிடிக்காவிட்டாலோ, 60 நாளுக்குள் நீங்கள் உறுப்பினராக இருக்கும் சங்கம் மூலமாகச் சமரச அதிகாரியிடம் போகலாம். வேலைநீக்கம் என்றால் வழி வேறு: சமரச அதிகாரியிடம் மனு கொடுத்து 45 நாள் கழிந்ததும் நீங்களே தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், ஆனால் நீக்கிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள். முன்பு மூன்று வருடம் இருந்தது, அந்த நினைப்பிலேயே இருந்துவிடாதீர்கள்.

ஆகவே எழுதுங்கள். என்ன நடந்தது, எந்தத் தேதி, என்ன வேண்டும், அவ்வளவுதான், ஒரு பக்கம் போதும். அலுவலகத்தில் கொடுத்து நகலில் சீல் போட்டு வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே ஸ்பீடு போஸ்டில் பதிவு செய்து அனுப்புங்கள். சங்கத்துக்கு ஒரு நகல் கொடுங்கள், அதிலும் கையெழுத்து வாங்குங்கள், செயலாளர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அப்புறம், கோபத்தில் வேலையைப் போட்டுவிட்டு நிற்காதீர்கள். இடமாற்ற உத்தரவு அநியாயமாகவே இருந்தாலும், ஆட்சேபனையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேருங்கள். சேராமல் இருந்தால் உத்தரவு சரியா என்ற கேள்வி பின்னால் போய்விடும், நீங்கள் கீழ்ப்படியவில்லை என்பதே வழக்காகிவிடும். எல்லோரும் சேர்ந்து கேஷுவல் லீவு போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாதிப்பேரோ அதற்கு மேலோ பேசி வைத்து ஒரே நாளில் எடுத்தால், இப்போது சட்டப்படி அதுவே வேலைநிறுத்தம், அதற்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும்.

சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டு போட்டு, யார் எந்தத் தேதியில் என்ன குறை சொன்னார் என்று எழுதி வையுங்கள். பொறுப்பு மாறும்போது அந்த நோட்டைக் கைமாற்றிக் கொடுங்கள். என்னிடம் வந்தவருக்கு அப்படி ஒரு வரி இருந்திருந்தால்கூட, எந்தத் தேதியில் புகார் சொன்னார் என்று காட்ட எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.