எழுத்துப் பிழையில் நின்ற 20 மில்லியன் டொலர்

யாழ்ப்பாணத்தில் உண்டியல் காசு தெரியாத வீடு குறைவு. ரொறன்ரோவில் மகன் ஒருவரிடம் டொலரைக் கொடுப்பார். சுன்னாகத்தில் வேறொருவர் வந்து தாயிடம் ரூபாயை எண்ணிக் கொடுப்பார். கடல் கடந்து வந்தது ஒரு தொலைபேசிச் செய்தி மட்டும்தான்.

வங்கிகள் செய்வதும் ஏறக்குறைய இதுவே. அவற்றின் செய்திகள் 'சுவிஃப்ட்' என்ற வலையமைப்பில் போகின்றன. 'என் கணக்கில் இவ்வளவு கழித்து இன்னாருக்குக் கொடு' என்று ஒரு வங்கி எழுதினால் மற்றது கொடுத்துவிடும். சரி, அந்தச் செய்தியை எழுதும் கணினி வேறு ஒருவர் கைக்குப் போனால்?

2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியில் அதுதான் நடந்தது. வேலைக்கு விண்ணப்பிப்பது போன்ற மின்னஞ்சல்கள் ஓராண்டுக்கு முன்பே வந்திருந்தன. அவை வழியாக நுழைந்தவர்கள் உள்ளே பதுங்கியிருந்து, 4ஆம் திகதி வியாழன் இரவு, பங்களாதேஷின் டொலர் கணக்கு இருந்த அமெரிக்க மத்திய வங்கியின் நியூயோர்க் கிளைக்கு (நியூயோர்க் பெடரல் ரிசர்வ்) 35 கட்டளைகளை அனுப்பினார்கள். மொத்தம் 951 மில்லியன் டொலர். கணினியும் கடவுச்சொல்லும் வங்கியுடையவை என்பதால் கட்டளைகள் அசலாகவே தெரிந்தன.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது பிரிண்டர். ஒவ்வொரு பரிமாற்றத்தையும் அது தானாக அச்சிடும். ஊடுருவிய நிரல் அதையும் முடக்கி, பதிவுகளையும் அழித்தது. மறுநாள் காலை தாள் வரவில்லை. பழுது என்றே நினைத்தார்கள். பங்களாதேஷில் வெள்ளி, சனி விடுமுறை. ஞாயிறு நியூயோர்க்கில் ஆள் இல்லை. திங்கள், காசு போகவிருந்த பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. நாள் பார்த்துத்தான் இறங்கியிருந்தார்கள்.

பெரும்பாலான கட்டளைகள் நியூயோர்க்கிலேயே தடுக்கப்பட்டன. 81 மில்லியன் மணிலாவுக்குப் போய்விட்டது. 20 மில்லியன் கொழும்புக்கு, ஒரு அறக்கட்டளையின் பெயரில் வந்தது. அந்தப் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்பது 'ஃபண்டேஷன்' என்று பிழையாக இருந்தது. வழியில் இருந்த வங்கி விளக்கம் கேட்டது, காசு திரும்பியது. அடையாள அட்டையில் ஒரு எழுத்து மாறியதற்காக வங்கியில் அலைந்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அதே சரிபார்ப்புதான் அன்று காப்பாற்றியது.

2018இல் அமெரிக்க நீதித் திணைக்களம் வடகொரிய அரசுக்காக வேலை செய்த நிரலாளர் ஒருவர் மீது குற்றம் சாட்டியது. வடகொரியா மறுத்தது.

பிராந்தியப் பாதுகாப்பு என்றவுடன் பாக்குநீரிணையில் யாருடைய கப்பல் என்றுதான் நாம் பேசுகிறோம். நாட்டின் டொலர் கையிருப்பும் ஒரு எல்லைதான். 2022 மே மாதம் இலங்கையிடம் உடனே எடுக்கக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என்று நிதியமைச்சரே சொன்னார். மணிலாவுக்குப் போனது அதைவிட அதிகம். அந்த மாதங்களில்தான் நம் கடற்றொழிலாளர்கள் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றார்கள்.